கறுப்புக் கொடி பிடித்த கையில் ஹால் டிக்கெட்டுகள்: கிறிஸ்தவக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டிலுள்ள கிறிஸ்தவக் கலை, அறிவியல் கல்லூரிகளின் தாளாளர்கள், செயலர்கள், முதல்வர்கள், அவர்களை நியமிக்கும் ஆயர்கள், பேராயர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, அருள்தந்தையரே, அருள்சகோதரியரே,

வணக்கம், ஸ்தோத்திரம்.

நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் அறிவிப்புப் பலகையில் கட்டணப் பாக்கிப் பட்டியல் ஒட்டப்பட்டது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். உங்களில் பலர் இதே பட்டியலை இதே வாரத்தில் ஒட்டியவர்கள்தான். பட்டியலில் பாதிக்கு மேல் கிறிஸ்தவ ஆதிதிராவிடப் பிள்ளைகள். கட்ட மாட்டேன் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. யூமிஸ் என்ற மாநில அரசின் உயர்கல்வி இணையதளத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, கல்லூரியில் இதற்கெனப் பொறுப்பேற்றிருக்கும் உங்கள் நோடல் அலுவலரே சரிபார்த்து மேலே அனுப்பி, பணம் எப்போது விழும் என்று காத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கேட்பது ஒன்றுதான். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்காதீர்கள். அரசுப் பணம் வரவில்லை என்பதற்காக ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைக்காதீர்கள்.

2012 செப்டம்பர் 11 தேதியிட்ட ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை 92 உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகிய மாணவர்கள் சுயநிதிப் பிரிவில் படித்தாலும், கட்டாயமான, திருப்பித் தரப்படாத கட்டணங்களை அரசே ஏற்கும் என்பதுதான் அதன் சாரம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இது உங்களுக்கும் தெரியும், கட்டணக் கணக்கைப் பார்க்கும் உங்கள் பர்சாருக்கும் தெரியும். பட்டியலில் பெயர் வந்த பிள்ளையின் அப்பாவுக்குத்தான் தெரிவதில்லை. சேர்க்கையன்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

பட்டியல் ஒட்டிய திங்கட்கிழமைக்கும் தேர்வு தொடங்கும் நாளுக்கும் நடுவில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உதாரணத்துக்கு ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினக்கூலி வாங்கும் வீட்டில் அவ்வளவு பணம் ஒரே வாரத்தில் புரள ஒரு வழிதான் உண்டு. அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போகும். கம்மல் ஏற்கெனவே அங்கே இருந்தால் மூன்று வட்டிக்கு வெளியே வாங்குவார்கள். மாதம் 540 ரூபாய் வட்டி. உதவித்தொகை ஏழு மாதம் கழித்து வந்தால் வட்டி மட்டும் 3,780 ரூபாய். வந்த 18,000 அப்படியே அசலுக்குப் போகும். வட்டிக்கு வேறு எங்காவது கைநீட்ட வேண்டும். அரசு தருகிற தொகையில் கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று தலைப்புகள் உண்டு. அடகுக்கடை வட்டி என்றொரு தலைப்பு இன்னும் சேர்க்கப்படவில்லை. உங்களால் காத்திருக்க முடியாததன் விலையை அந்த வீடு கட்டுகிறது. காத்திருந்தால் உங்களுக்கு வட்டி நஷ்டம் என்பீர்கள். உங்கள் நஷ்டம் வங்கி வட்டிக் கணக்கில். அவர்களுடையது கந்துவட்டிக் கணக்கில்.

பணம் தாமதமாவதற்கு அரசு மட்டும்தான் காரணம் என்றால் இந்த மடல் கோட்டைக்குப் போயிருக்கும். தாமதத்தில் ஒரு பெரும்பங்கு கல்லூரி அலுவலகத்திலேயே தொடங்குகிறது. யூமிஸில் பாடப்பிரிவு வாரியாகக் கட்டண விவரத்தை ஏற்ற வேண்டியது கல்லூரி. அது ஏறாத வரை மாணவர் விண்ணப்பம் நகராது. சில கல்லூரிகளில் தளம் திறந்து வாரக்கணக்கில் ஆன பிறகுதான் அந்த வேலை தொடங்குகிறது. ஷிப்ட் ஒன்று உதவிபெறும் பிரிவு, ஷிப்ட் இரண்டு சுயநிதி என்று ஒரே பெயரில் இரண்டு கட்டணம் இருக்கும்போது, சுயநிதி மாணவருக்கு உதவிபெறும் பிரிவின் கட்டணத்தை ஏற்றிவிட்டால் அந்தச் சிறு தொகைதான் அனுமதியாகும். மீதி? பாக்கிப் பட்டியல்.

அடுத்தது வகுப்பு. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரின் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றுதான் இருக்கும். எழுத்தர் அதைப் பார்த்து பி.சி. என்று பதிந்துவிட்டால் விண்ணப்பம் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்குப் போய்விடும். அங்கே தகுதியில்லை என்று திரும்பி வருவதற்குள் இங்கே கடைசித் தேதி முடிந்திருக்கும். இன்னொரு தவறான ஆலோசனையும் அலுவலகச் சன்னலில் சாதாரணமாகக் கிடைக்கிறது: ‘கிறிஸ்டியன்தானே, மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் போடு.’ மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டு லட்சமாக இருந்தது. 50 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டியிருந்தது. அது ஒழுங்காக வந்த காலத்திலேயே இளங்கலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஒரே ஆண்டில் இரண்டு உதவித்தொகையும் வாங்க முடியாது. முழுக் கட்டணமும் கிடைக்கக்கூடிய பிள்ளையை 3,000 ரூபாய் வரிசையில் நிறுத்திவிட்டு, பிறகு பாக்கி எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

பெயர்க் குழப்பம் நம் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இனிஷியல் விரிந்து மூன்றாவது ஒன்று. ஆதார் சரிபார்ப்பில் அங்கேயே நின்றுவிடும். வங்கிக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆதார் வழியாக வரும் பணம், ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கேதான் விழும். பள்ளிக் காலத்தில் தொடங்கி, புழக்கமில்லாமல் முடங்கிய கணக்கில் விழுந்து திரும்பிப்போனவை எத்தனையோ. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். முதலாண்டு கிடைத்துவிட்டது, இனித் தானாக வரும் என்று இரண்டாமாண்டு புதுப்பிக்காமல் விட்டவர்களும் நிறைய. இவை எல்லாவற்றையும் ஜூலை மாதத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, விவரம் தெரிந்த ஒரு ஆள் வைத்து வகுப்பு வாரியாகக் கூப்பிட்டால் சரிசெய்துவிடலாம். நவம்பரில் பட்டியல் ஒட்டுவதற்கு ஆள் கிடைக்கும்போது ஜூலையில் கிடைக்காமலா போய்விடுவார்?

இதை எழுதும்போது சொல்லாமல் விட முடியாதது ஒன்று. கிறிஸ்தவ ஒதுக்கீட்டில் இடம் கேட்டால் நீங்கள் கேட்பது ஞானஸ்நானச் சான்றும் பங்குத்தந்தை அல்லது சேகர குரு கடிதமும். அதே ஞானஸ்நானச் சான்றுதான் தாசில்தார் அலுவலகத்தில் அந்தப் பிள்ளையைப் பட்டியல் வகுப்பிலிருந்து வெளியே எடுக்கிறது. 18 விழுக்காடு இடஒதுக்கீடு போகிறது, மத்திய அரசு பங்களிக்கும் உதவித்தொகை போகிறது. கட்டணத்துக்கென்று மிஞ்சுவது மாநில அரசு தன் பணத்தில் தருகிற இந்த ஒரு உதவிதான். உங்கள் வாசலுக்குள் கிறிஸ்தவராக வருவதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. உள்ளே வந்தபின் அந்த மிச்சத்துக்கும் நீங்களே குறுக்கே நின்றால்?

பட்டியல் வகுப்பு இந்துக்களுக்கு மட்டுமே என்று வரையறுத்த 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியை எதிர்த்து ஒவ்வோர் ஆகஸ்ட் 10-ம் தேதியும் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கொடுத்ததை எங்களுக்கு ஏன் மறுக்கிறீர்கள் என்று டெல்லியைக் கேட்கிறோம். நியாயமான கேள்வி. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமே தீர்மானம் போட்டுவிட்டது. இந்திய ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆகஸ்டில் கல்லூரி வாசலில் கறுப்புக் கொடி, நவம்பரில் அதே வாசலில் பாக்கிப் பட்டியல். டெல்லி தராததைக் கேட்கும் நாம், சென்னை தருவதை வந்து சேரவிட வேண்டாமா?

உங்கள் பக்கத்து நியாயமும் உண்டு. சுயநிதிப் பிரிவு ஆசிரியர் சம்பளம் கட்டணத்திலிருந்துதான் போகிறது. பணம் மாணவர் கணக்கில் விழுகிறது. விழுந்ததைச் சிலர் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டுக் கல்லூரிக்குக் கட்டுவதில்லை. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் 60 பேர், கட்டணம் 18,000 என்றால் மொத்தம் 10,80,000 ரூபாய். இந்தத் தொகைக்கு ஒரு சுழல்நிதி ஒருமுறை திரட்டினால் போதும். செமஸ்டர் தொடங்கும்போது நிதியிலிருந்து கட்டணக் கணக்குக்கு மாற்றுங்கள்; உதவித்தொகை வரும்போது மாணவர் அதை இந்த நிதிக்குத் திருப்பிக் கட்டட்டும். சேர்க்கையின்போதே மாணவரும் பெற்றோரும் ஒரு ஒப்புதல் கடிதம் தரட்டும்: பணம் கணக்கில் விழுந்த 15 நாளுக்குள் கட்டுகிறோம் என்று. வராமல் போகிற சில கணக்குகளுக்காக ஆண்டுதோறும் கொஞ்சம் ஈடுசெய்ய வேண்டிவரும். முன்னாள் மாணவர் சங்கமும் மறைமாவட்டத்தின் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு காணிக்கையும் அதைத் தாங்கும். நூற்றாண்டு வளைவுக்கு நன்கொடை திரட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய தொகையா? குளிரூட்டிய கலையரங்கத்தின் இருக்கை ஒவ்வொன்றிலும் கொடையாளர் பெயர் பொறிக்கிறீர்கள். ஒரு ஹால் டிக்கெட்டில் யார் பெயரும் பொறிக்க வேண்டாம், கொடுத்தால் போதும்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ரசீது பற்றியும் ஒரு வார்த்தை. கட்டட வளர்ச்சி நிதி, பெற்றோர் ஆசிரியர் கழகம், சேர்க்கைக் கொடை என்று வேறு ரசீதில், சிலசமயம் ரசீதே இல்லாமல், வாங்கும் தொகை எந்த உதவித்தொகையிலும் திரும்பாது. காப்புத் தொகையும் அப்படித்தான். திருப்பித் தரக்கூடியது என்பதால் அரசு அதை ஏற்பதில்லை. விடுதி உணவுக் கட்டணத்தின் பெரும்பகுதியும் வெளியே நிற்கும். இதற்குத்தான் குடும்பங்கள் வங்கிக்குப் போகின்றன. நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்குப் பிணை வேண்டாம். ஆனால் முழுப் படிப்புக்குமான கட்டண விவரம் கல்லூரித் தாளில் முத்திரையோடு வேண்டும் என்று மேலாளர் கேட்பார். அதைக் கொடுக்க ஏன் இத்தனை தயக்கம்? எழுதிக் கொடுக்க முடியாத கட்டணத்தை வாங்காமலிருப்பதே நல்லது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகுபவருக்கு ஒரு சிறு பரிசீலனைத் தொகை போகக் கட்டணம் முழுதும் திருப்ப வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உண்டு. பாக்கிக்குப் பிணையாக மாற்றுச் சான்றிதழைப் பீரோவில் பூட்டும் வழக்கம் சிறுபான்மைக் கல்லூரிக்குத் தனி உரிமை அல்ல. அரசியல் சட்டம் பிரிவு 30 நமக்குத் தந்தது நிறுவவும் நடத்தவும் உரிமை.

ஆகவே பணிவோடு கேட்கிறோம். ஏப்ரல் தேர்வுக்கு முன், யூமிஸில் விண்ணப்பித்திருக்கும் எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் ஹால் டிக்கெட் தரும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த சேர்க்கைக் கையேட்டின் கட்டணப் பக்கத்திலேயே, தமிழில், இந்த ஒரு வரியை அச்சிடுங்கள்: ‘ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிட, பழங்குடியின, கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்கள் சேர்க்கையின்போது கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.’ ஜூலையில் அந்த மேசையைப் போடுங்கள். உட்கார ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். எங்களில் இருவர் வருகிறோம், சம்பளம் வேண்டாம். கல்லூரியின் யூமிஸ் உள்நுழைவு உள்ள ஒருவர் மட்டும் அன்று முழுவதும் கூட இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பங்குகளிலும் சேகரங்களிலும் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர்கள்