43-வது வரியில் ஒன்றுமே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் கம்ப்யூட்டர் லேப் எடுக்கும் ஆசிரியர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போன வாரம் என் மகள் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல்) வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரை அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். 43-வது வரியில் சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை, ஃபைல் எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்கிறது அதைப் படித்து ஓட்டுகிற பாஷ். அவள் எழுதியதோ மொத்தமே 42 வரி.

நான் சர்வர் பார்க்கிற வேலையில் இருப்பவன். 'இஃப்' போட்டுவிட்டு அதை மூடும் 'ஃபை' போட மறந்தால் பாஷ் அதைத் தேடிக்கொண்டே ஃபைலின் கடைசிவரை போய் அங்கேதான் புகார் சொல்லும், அதனால் அந்த வரி எண்ணை நம்பாமல் மேலே போய்த் தேடு என்றேன். தேடினோம், எல்லாம் சரியாகவே மூடியிருந்தது. அப்புறம் மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும் 'கேட் மைனஸ் ஏ' கட்டளையைப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன், அதாவது விண்டோஸ் வரி முடிவில் போடுகிற கண்ணுக்குத் தெரியாத எழுத்து, ஒளிந்திருந்தது தெரிந்தது. லேபில் விண்டோஸ் நோட்பேடில் அடித்து லினக்ஸுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். 'இஃப்'புக்கு அடுத்து வரும் 'தென்' என்ற சொல்லோடு அந்த எழுத்து ஒட்டிக்கொண்டால் பாஷுக்கு அது 'தென்' இல்லை, வேறு ஏதோ ஒரு சொல். அந்த எழுத்துகளை நீக்கும் 'டாஸ்டுயூனிக்ஸ்' ஓட்டியதும் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் அந்தப் பயிற்சிக்கு மார்க் போயே போய்விட்டது.

லேப் கையேட்டைப் பார்த்தால் அது வேர்டில் தயாரித்தது. வேர்டு நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைத்துவிடும், பாஷுக்கு அது மேற்கோள் குறியே கிடையாது, உள்ளே ஒரு பிறை அடைப்புக்குறி இருந்துவிட்டால் உடனே சின்டாக்ஸ் எரர்தான். அதை அப்படியே காப்பி செய்கிற பிள்ளை என்ன செய்யும்?

ஆசிரியர்களே, தயவுசெய்து கையேட்டு நிரல்களை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகக் கொடுங்கள், லினக்ஸிலேயே நானோ, விஐ போன்ற எடிட்டரில் அடிக்க விடுங்கள். முதல் வகுப்பிலேயே 'பாஷ் மைனஸ் என்' கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள், ஸ்கிரிப்டை ஓட்டாமலே இலக்கணத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடும். முடிந்தால் ஸ்கிரிப்டில் பிழை கண்டுபிடிக்கும் ஷெல்செக்கையும் லேபில் போட்டு வையுங்கள், அது இலவசம், கேரேஜ் ரிட்டர்னையும் வளைந்த மேற்கோள் குறியையும் பெயர் சொல்லியே காட்டிக்கொடுக்கும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா,
திருநெல்வேலி