ஏற்றம் முடிந்ததும் கேட்ட சத்தம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேனாவைத் தொட்டால் காகிதமெல்லாம் ஆயில் கறை ஆகிவிடும் என்ற நிலையில் இருந்தேன், அதனால்தான் தாமதம். முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. புது மூட்டு வைத்தாயிற்று, இனி ஓட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தாய். இங்கே என் பழைய ஃபோர்டு மாடல் டி காருக்கும் கிட்டத்தட்ட அதே சிகிச்சைதான். அதற்கு மயக்கமருந்து தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு நீண்ட ஏற்றம் ஏறி முடித்து, வேகம் கூட்டும் கை லீவரை லேசாகத் தளர்த்திய நேரத்தில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். வண்டி இழுக்கும்போது இல்லை, தளர்த்தினால் வருகிறது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் ராடின் பேரிங்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எந்த ராடு என்று கண்டுபிடிக்க இந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பொறி தரும் நான்கு காயில், ஒவ்வொன்றும் ஒரு மரப்பெட்டிக்குள். எஞ்சின் ஓடும்போது அவற்றின் முனைகள் தேனீ போல ரீங்காரமிடும். ஒன்றை ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பிடித்தால் அந்த சிலிண்டருக்கு மட்டும் பொறி நின்றுவிடும். இரண்டு, மூன்று, நான்கு என்று அழுத்திப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றமில்லை. ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டருக்கான காயிலை அழுத்தியதும் சத்தம் அடங்கிவிட்டது.

அப்புறம் நான் செய்ததுதான் மடத்தனம். அடித்தகட்டைக் கழற்றி, ராடு மூடியிலிருந்து இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு (ஷிம்) ஒன்றை உருவிவிட்டு, நட்டை இறுக்கி, அது கழலாமலிருக்கக் காட்டர் பின் மாட்டிவிட்டேன். சத்தம் போயே போய்விட்டது. இரண்டு மாதம் மன்னன் மாதிரி ஓட்டினேன். தேய்ந்தது ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவே இல்லை.

மூன்றாவது மாதம் சத்தம் திரும்பியது, இந்த முறை சுத்தியலால் அடிப்பது போல. ஆயிலை வடித்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று துகள்கள். பேரிங்கின் உட்பூச்சான ஒயிட் மெட்டல் உடைந்து உதிர்ந்திருக்கிறது. சரி, இனி சமாளிப்பு வேலைக்காகாது என்று எஞ்சினையே இறக்கினேன். உனக்குத் தெரியும், இதில் எஞ்சினும் கியரும் ஒரே தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். இடுப்பு இன்னும் பேசுகிறது.

தொட்டியைப் பிரித்த பிறகுதான் குற்றவாளி அகப்பட்டது. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் பதிந்திருக்கும் 16 காந்தங்கள் சுழலும்போது ஆயிலை வாரி இறைக்கும். அதில் கொஞ்சம் ஒரு புனலில் விழுந்து, மெல்லிய குழாய் வழியாக முன்பக்கம் போய், டைமிங் கியரை நனைத்துவிட்டு, ராடுகளுக்குக் கீழே உள்ள பள்ளங்களை நிரப்பிக்கொண்டே பின்னால் திரும்பும். சமதளத்தில் கவலையில்லை. ஏற்றத்தில் ஆயிலெல்லாம் பின்னுக்கு ஓடிவிடும், அப்போது முதல் ராடுக்கு அந்தக் குழாய்தான் கதி. அந்தக் குழாயின் புனலில் திரித்து வைத்த விளக்குத் திரி போல ஒரு பஞ்சு அடைத்திருந்தது! கியர் உருளைகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளின் பருத்தி நூல் தேய்ந்து, ஆயிலில் மிதந்து, அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பட்டை தேய்ந்தபோதே மாற்றி, உள்ளே கழுவியிருக்க வேண்டும். இறுக்கி இறுக்கியே காலம் தள்ளியது நான்தான். கேலி செய்ய வசதியாக இன்னொன்றும் சொல்கிறேன். பெட்ரோல் புவியீர்ப்பில் இறங்குவதால், டேங்கில் பெட்ரோல் குறைந்தால் இந்த வண்டியில் ரிவர்ஸில் மேடு ஏறுவார்கள் அல்லவா? நானும் அப்படியே ஏறியிருந்தால் ஆயிலும் முன்னால் வந்திருக்கும், பேரிங்கும் பிழைத்திருக்கும்.

ராடுக்குப் புதிதாக ஒயிட் மெட்டல் ஊற்ற வேண்டியிருந்தது. நான் துணியவில்லை. அந்த வித்தை கைவந்த முதியவர் ஒருவர் ஊற்ற, பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளீயம்தான் முக்கால்வாசிக்கு மேல், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. உருகிய உலோகத்தின் சூட்டைப் பார்க்க அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு மரக்குச்சியை முக்கி எடுத்தார். குச்சி பழுப்பேறியது, தீப்பிடிக்கவில்லை. "இப்போ ஊத்தலாம்" என்றார். ராடையும் முன்கூட்டியே சூடாக்கி ஈயம் பூசி வைத்திருந்தார், இல்லாவிட்டால் உலோகம் ஒட்டாதாம். ஒரே வீச்சில், இடையில் நிறுத்தாமல் ஊற்றினார். அவர் முடிக்கும் வரை நான் மூச்சுவிட்டேனா என்று நினைவில்லை.

துளையிட்டு வந்த பிறகுதான் என் வேலை. கிராங்க் தண்டில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, ராடை மாட்டி, ஒரு சுற்று அசைத்து, கழற்றிப் பார்ப்பது. நீலம் பட்ட இடமெல்லாம் மேடு. அதை நீ இரவல் தந்த ஸ்கிரேப்பரால் பூப்போலச் சுரண்டுவது, மறுபடி மாட்டுவது. முதல் நாள் இரண்டு புள்ளிகள்தான் நீலம். நான்காம் நாள் மாலையில் முக்கால் பரப்பும் சீராக நீலம் பிடித்தது. இடைவெளி ஒன்றரை தௌ, அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. எத்தனை முறை மாட்டிக் கழற்றினேன் என்று கேட்காதே, இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பருத்திப் பட்டைகளை எடுத்துவிட்டு மரத்தில் செய்த பட்டைகளை வைத்தேன். அதிலிருந்து பஞ்சு உதிராது. மாட்டுவதற்கு முன் ஆயிலில் ஊறப்போட வேண்டும், அவ்வளவுதான். கியர்ப் பகுதியிலிருந்து முன்பக்கத்துக்கு வெளியே ஒரு கூடுதல் ஆயில் குழாயும் போட்டேன். பழைய வண்டியில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது, அது உனக்கும் தெரியும். கண்ணுக்கு உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் ஒயிட் மெட்டல் துகளைப் பார்த்த பிறகு அழகைப் பேச எனக்குத் தகுதியில்லை.

முந்தாநாள் எஞ்சினை ஏற்றி முடித்தேன். பொறி முந்தி வந்து ஹாண்டில் திருப்பி அடிக்காமலிருக்க ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ளினேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, எஞ்சினைக் கிளப்பும் ஹாண்டிலை இடக்கையால் மேல்நோக்கி இழுத்தேன். இளவயதில் அதை மறந்து உன் மணிக்கட்டு ஒன்றரை மாதம் கட்டுப்போட்டிருந்தது ஞாபகம் வந்தது. நான்காவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நேற்று அதே ஏற்றம். உச்சிக்குப் போய் லீவரைத் தளர்த்திக் காதைக் கொடுத்தேன். காயில்களின் ரீங்காரம் மட்டும்தான். இறங்கி வந்து அடியில் மேலும் கீழுமாக உள்ள, ஆயில் அளவு பார்க்கும் இரண்டு சின்னத் திருகுகளையும் திறந்து பார்த்தேன். மேலே சொட்டவில்லை, கீழே நன்றாக வந்தது. அளவு சரி.

ரேடியேட்டர் ஓரத்தில் மட்டும் ஒரு கசிவு இருக்கிறது, அதை அடுத்த வாரம் பார்க்கலாம். உன் காலைப் பற்றி மருத்துவர் என்ன சொல்கிறார், படி ஏறலாமா? ஏறலாம் என்றால் ஓட்டுநர் இருக்கையிலும் ஏறலாம், மூன்று பெடலுக்கும் கால் வேண்டும். எப்போது வருகிறாய் என்று எழுது. ஸ்கிரேப்பரைத் தீட்டி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். திருப்பித் தர மனமில்லை, நேரில் வந்து கேட்டால் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி