துள்ளலோசை பிள்ளைகளின் காதில் விழட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

என் பேத்தி உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கிறாள். எந்தப் பாவுக்கு எந்த ஓசை என்று கேட்டால், வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்பாள். "துள்ளல் எப்படியிருக்கும், சொல்லு மகள்" என்று கேட்டேன். "வேகமாகப் படிக்கிறது, அம்மப்பா" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் யாரும் பாடிக் காட்டவில்லை. பத்திரிகைகளும் திருவிழாவில் ஒலிபெருக்கி அதிர்ந்தாலே 'துள்ளல் இசை' என்றுதானே எழுதுகின்றன.

வேகம் வேறு, துள்ளல் வேறு. கலிப்பாவுக்கு உரியது துள்ளல் ஓசை என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். மூன்று அசையாகி நேரசையில் முடியும் காய்ச்சீரை ('வய-லோ-ரம்' போல) அடுத்து, குறில் முன்னிற்க இரண்டு எழுத்து இணையும் நிரையசை ('வரு' போல) வருவதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. 'வயலோரம் வருகின்ற இளங்காற்றே வருவாயோ' என்று சொல்லிப் பாருங்கள். 'ரம்' என்ற இடத்தில் குரல் ஊன்றி நிற்கும்; அடுத்த 'வரு' என்ற இரண்டு குறிலில் சட்டென்று எழும்பும். எவ்வளவு ஆறுதலாகச் சொன்னாலும் அந்த எழுச்சி போகாது. கன்று துள்ளினாற்போல என்று பழைய ஆசிரியர்கள் சொன்னது இதைத்தான்.

நான் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிப்பவன். புதிதாக ஆட வரும் பொடியன்களுக்கு கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியார் சொல்லும் முதல் சொல், "ஓடாதே, காலை ஊன்றி எழும்பு" என்பது. அடி விழும்போது பாதம் தரையில் இருக்க வேண்டும். அடுத்த அடிக்கு முன்னே சலங்கைக் கால் மேலே வந்துவிட வேண்டும். ஒரு பின்னேரம் பேத்தியை முற்றத்தில் நிறுத்தி, அதே வரியைச் சொல்லச் சொல்லி மத்தளம் போட்டேன். சீர் பிரிக்காமலே எந்த இடத்தில் எழும்ப வேண்டும் என்று அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் இயலையும் இசையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர். பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவர் பிறந்த மண்ணில் ஓசைப் பாடத்தை வாய் திறவாமல் நடத்துவது எனக்குத் தாங்க முடியாத கவலை.

உங்கள் மாணவர் பக்கத்தில் கலிப்பா ஒன்றைச் சீர் பிரித்து அச்சிடுங்கள். ஆசிரியர்கள் அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். பக்கத்து ஊர் அண்ணாவியாரை ஒரு பாடவேளைக்கு அழைத்தால் இன்னும் நல்லது. கூப்பிட்டால் மத்தளத்தோடு நானும் வருவேன்.

இப்படிக்கு,
மத்தளக்காரர் ஒருவர்,
வவுணதீவு, மட்டக்களப்பு.