லிட்டில் இந்தியாவில் தமிழெழுத்துக்கு ஒரு சுவர்: பினாங்கு மாநகர் மன்றத்திற்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகர் மன்றத்தாருக்கும் ஜார்ஜ்டவுன் பாரம்பரியப் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2012-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் இரு குழந்தைகளைத் தீட்டி, அவர்கள் ஏறிச்செல்ல மெய்யான மிதிவண்டி ஒன்றையும் பொருத்தினார். அதன் பின்னர் சுவரோவியம் பார்ப்பதற்கென்றே பலர் இத்தீவுக்கு வருகின்றனர். அந்த வரிசையில், உருவங்களின்றித் தமிழெழுத்தையே ஓவியமாக்கும் பெரிய சுவரொன்றை லிட்டில் இந்தியாவில் ஒதுக்கித் தருமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

வனப்பெழுத்தும் சுவரெழுத்தும் கலந்த இக்கலையைக் கேலிகிராஃபிட்டி என்பர். துனீசிய வேர்கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் எல் சீட், 2012-இல் துனீசியாவின் காபெஸ் நகரப் பள்ளிவாசல் மினாராவில், மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதைப் பற்றிய குர்ஆன் வசனத்தை எழுதினார். 2016-இல் கெய்ரோவில் குப்பை சேகரிப்போர் வாழும் குடியிருப்பில் ஏறத்தாழ ஐம்பது கட்டடங்களின்மீது ஒரே வாசகத்தைப் பகிர்ந்தெழுதினார். முகத்தம் குன்றில் ஏறி நின்றால்தான் அது முழுமையாகத் தெரியும். ஊரார் ஒதுக்கிவைத்த பகுதியைத் தேடி வந்து பார்க்கச் செய்த எழுத்து அது.

ஆனால் அரபு எழுத்துக்குச் செய்ததைத் தமிழுக்கு அப்படியே செய்ய இயலாது. அரபு எழுத்துகள் கைகோத்து நீளும். நம் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. அவற்றின் அழகு சுழியிலும் வாலிலும் வளைவிலும் இருக்கிறது. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த என் தந்தையார், சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடிட்ட பிறகு, 'ழ'கரத்தின் கீழ்வளைவை ஒரே மூச்சில் இழுப்பார். 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் மெல்ல மறைந்த, யானைத் துதிக்கைபோல் முன்னே வளைந்த பழைய 'லை', 'னை' வடிவங்களைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை. பாடநூலில் அவற்றை மீட்க வேண்டியதில்லை. சுவரில் அவை மீண்டும் வாழலாம். ஓவியருக்கு அவற்றைவிடப் பொருத்தமான கோடுகள் கிடைப்பது அரிது.

அதனால்தான், எழுதுபவர் தமிழ் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும், வண்ணம் ஏறுமுன் வரைவைத் தமிழறிந்தோர் சரிபார்க்க வேண்டும் என்பதையும் நிபந்தனைகளாகவே வைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பொது இடமொன்றில், கணினி எழுத்துரு குழம்பியதால் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி நின்ற அறிவிப்புப் பலகையைப் பல மாதங்கள் கடந்து சென்றேன். பேரப்பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்ட முடியாமல் கூசினேன். சுவரளவு பெரிதான எழுத்தில் அந்தப் பிழை நேர்ந்தால் அதைத் தாங்க இயலாது.

2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பகுதி என்பதால் உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. பழைய கடைவீடுகளின் செங்கற்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும். அதன்மேல் செயற்கைச் சாயம் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு உதிரும். ஆகவே பாரம்பரியக் கட்டடம் எதையும் கேட்கவில்லை. பிற்காலச் சிமெண்டுச் சுவரோ, கழற்றி எடுக்கத்தக்க பலகைகளோ போதும்.

குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ், தமிழ் முஸ்லிம்களின் மரபு. இரண்டு எழுத்துகளிலும் ஒரே தமிழ் வாசகம் அருகருகே நிற்கும் சுவர் அமைந்தால், அதற்கு இவ்வட்டாரத்தைவிட உரிய இடம் எனக்குத் தெரியவில்லை. வாசகத்தைத் தேர்வதை மட்டும் அத்தெருக்களில் வாழ்வோரிடமும் கடை நடத்துவோரிடமும் விட்டுவிடுங்கள்.

இடத்தை நேரில் காட்டவும், தந்தையாரின் பழைய எழுத்து மாதிரிகளைக் கலைஞரிடம் ஒப்படைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை எழுதியவரின் மகன்,
ஜார்ஜ்டவுன்