மூன்று மணிப் பஸ்ஸுக்கு முன்: எங்கள் ஆலயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஆயர் ஐயாவுக்கும் ஆலயக் குழுப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வரும் ஆண்டுக்கான வாலிபர் ஐக்கியத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். போன ஆண்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் முகாம், வாலிபர் ஞாயிறு, விடுமுறை வேதாகமப் பள்ளி, கேரல் பவனி. அதற்கு முந்தைய ஆண்டுத் தாளிலும் இவையேதான். தேதிகள் மட்டும் வேறு. இன்னொரு நகல் எடுத்து நீட்ட மனம் வரவில்லை. ஆகவே ஒரு பக்கம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வருகைப் பதிவேட்டில் 42 பெயர்கள் இருக்கின்றன. கடைசிக் கூடுகைக்கு வந்தவர்கள் 9 பேர். அதில் ஐந்து பேர் பிளஸ் டூ பிள்ளைகள். வராத 33 பேரில் செயலாளரான நானும் ஒருத்தி என்பதை மறைப்பதற்கில்லை. கூடுகை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. நான் ஏறவேண்டிய பஸ் கோத்தகிரியிலிருந்து மூன்று மணிக்கு. 33 கிலோமீட்டர் மலையிறங்கி மேட்டுப்பாளையம், அங்கே மாறி அன்னூர், அவிநாசி வழியாகத் திருப்பூர். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்காரர் வெளிக் கேட்டைப் பூட்டிவிடுவார். திங்கள் காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். சிலருக்குக் கோவை, சிலருக்குப் பெங்களூர், அவ்வளவே வித்தியாசம்.

ஏன் போனீர்கள் என்று யாரும் கேட்கமாட்டீர்கள். பசுந்தேயிலை விலை என்ன கதியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? 2023இல் சிறு விவசாயிகள் குறைந்தபட்ச விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தபோது, பந்தலில் நம் சபையாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் ஞாயிறு பொது ஜெபத்தில், "தூரதேசம் போன எங்கள் வாலிபர்களைத் திருப்பிக் கொண்டுவாரும் ஆண்டவரே" என்று உருக்கமாக வேண்டுகிறீர்கள். ஜெபிப்பதற்கு நன்றி. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் உவமையில் வரும் இளைய குமாரனின் பக்கத்தில் எங்களை நிறுத்தியது போல இருக்கிறது. நாங்கள் ஆஸ்தியைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனவர்கள் இல்லை. மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாக வைக்கும் தசமபாகக் கவரிலும் எங்கள் பெயர் இருக்கிறது, பொருளாளர் அண்ணன் சாட்சி. இடம்பெயர்வது இந்தச் சபைக்குப் புதிதும் இல்லை. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் எங்களில் பாதிப்பேர். என் ஆச்சி அங்கிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ஆக, முதல் விண்ணப்பம் இது. வாலிபர் கூடுகையை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஆராதனை முடிந்த கையோடு வையுங்கள். சம்பளம் ஏழிலிருந்து பத்துத் தேதிக்குள் வரும். அதன் பிறகுதான் எல்லாரும் ஊருக்கு வருவார்கள். மதியச் சாப்பாட்டை நாங்களே சமைத்துக்கொள்கிறோம். அந்த நேரம் பெண்கள் ஐக்கியத்துக்கு உரியது என்பது தெரியும். அம்மாமாரிடம் முன்கூட்டியே கேட்டோம், மூன்றாம் ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். குழுவைக் கேட்காமல் கேட்டதற்காகக் கோபிக்க வேண்டாம். "நான்கு மணி என்பது ஆதிகாலத்திலிருந்து வந்த வழக்கம்" என்று ஒரு பெரியவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆயர்கள் மட்டும் போதுமா பேராயரும் வேண்டுமா என்பதைப் பற்றி, 1919இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27இல் ஒன்றாகிவிட்ட தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் நாம். ஒரு நான்கு மணியை நகர்த்த முடியாதா? 28 ஆண்டுகள் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது முகாம். வேண்டாம் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொல்லவில்லை, எனக்கு வேண்டாம். ரிசார்ட் வாடகை, சென்னையிலிருந்து பிரசங்கியார், ஒரே நிறத்தில் டி ஷர்ட். மறுவாரம் யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. அந்தப் பணத்தில் காலாண்டுக்கு ஒருமுறை ஆயர் ஐயா மலையிறங்கித் திருப்பூர் வரட்டும். நாங்கள் ஆறு பெண்கள் தங்கியிருக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு கேஸ் அடுப்பு, ஆறு பெட்டி, கயிற்றில் எப்போதும் காயாத துணி. ஸ்விட்ச் போர்டுக்கு மேலே புத்தாண்டு ஆராதனையில் நீங்கள் கொடுத்த வாக்குத்தத்த அட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறோம். தாளிக்கும் எண்ணெய் பட்டு இரண்டு அட்டைகளில் வசனமே தெரியவில்லை. ஆனால் யாருடையது எது என்று எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை அங்கே ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு தட்டு சோறு. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. 1840களில் நம் நீலகிரியின் கேத்திக்கு வந்த சுவிட்சர்லாந்துப் பாசல் மிஷன் ஊழியர்கள் பங்களாவில் இருந்தபடி மணியடித்து ஆள் கூப்பிடவில்லை. அவர்களில் ஒருவரான மெட்ஸ் ஐயர் படுகர் ஊர்களுக்கு, ஹட்டி ஹட்டியாக நடந்தார், படுக மொழியில் பேசினார். இன்று நடக்கவும் வேண்டாம், பஸ் இருக்கிறது.

இனி, ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்காக: ஆலய ஹாலின் சாவி.

வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து முதல் ஏழு வரை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஒரே அறையில்தான் டிவி, அடுப்பு, பாட்டி, புத்தகம் எல்லாம். மழைக்காலத்தில் கரண்டும் போய்விடும். ஹாலில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கல்யாண மேஜைகள் சுவரோரம் சாத்திக் கிடக்கின்றன. குரூப் 4 எழுதப்போகிறவர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். வேதாகமத் தமிழை மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இலக்கணம் பெரிய மலை இல்லை. உட்கார்ந்து படிக்க ஓர் இடம்தான் வேண்டும். ஏழு மணிக்கு மேல் தேயிலைக்குள் கரடி நடமாட்டம் என்பதால் பெற்றோர் முறைபோட்டு அழைத்துச் செல்வார்கள்.

சாவி ஏன் எங்களிடமிருந்து வாங்கப்பட்டது என்பதை மறக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேரல் ஒத்திகை முடிந்த இரவு ஹீட்டரை அணைக்காமல் போய்விட்டோம். கம்பளம் கருகியது. தப்பு எங்களுடையது; கம்பளத்துக்குப் பணமும் கட்டிவிட்டோம். ஆனால் எனக்கு இன்னொரு இரவும் நினைவிருக்கிறது. 2009 நவம்பரில் மலை சரிந்து நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வாரம், எனக்கு எட்டு வயது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கிவிட்டதென்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஹால் திறந்தே கிடந்தது. யார் எந்தச் சபை, யாரிடம் சாவி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பாய் போதாமல் திரைச்சீலையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு படுத்தோம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. சாவி எங்களிடமும் ஒன்று இருந்தால் அப்படி ஒரு நாளில் கதவைத் திறக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது.

கடைசியாக, குழுக் கூட்டத்தில் எங்களில் இரண்டு பேருக்கு நாற்காலி. ஓட்டு வேண்டாம். வாலிபர் ஞாயிறன்று தவறாமல் 1 தீமோத்தேயு 4:12 வாசிக்கப்படுகிறது. பிரசங்கம் ஒவ்வொரு முறையும் வசனத்தின் பின்பாதியைப் பற்றியே இருக்கும்: நடக்கை, கற்பு, மாதிரியாயிருத்தல். "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்ற முன்பாதியை ஒருவரும் விளக்கி நான் கேட்டதில்லை. இந்த ஆண்டு வாலிபர் ஞாயிறன்று அதை யாராவது எடுத்துப் பேசினால் நன்றாயிருக்கும்.

ஜனவரி முதல் கூட்டத்தில் இந்த மடலை வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம். முடிவு எதுவானாலும் இரண்டாம் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் சொல்லிவிடுங்கள். மாலைக்கு என்று தள்ளிவைத்தால் எங்களுக்குத் தெரியாமல் போகும். மூன்று மணிக்கு நாங்கள் பஸ் ஏறிவிடுவோம்.

இப்படிக்கு,
வாலிபர் ஐக்கியச் செயலாளர்