எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் நேர்மையும் ஊழல் தடுப்பும் பற்றிய பாடம் தொடங்குகிறது. அட்டவணையில் ‘நன்னெறி’ என்று இதுவரை எழுதியிருந்த நேரம்தான் அது. அந்த நேரத்தில் கணக்கு ஆசிரியர் விட்டுப்போன பயிற்சிகளை முடித்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். இனி அவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை அறிவித்தபோது பல கேள்விகள் வந்தன. இதற்கு மதிப்பெண் உண்டா என்று ஒருவர் கேட்டார். இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் லஞ்சத்தைப் பற்றிப் பேசி நாமே அதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்து, “நாளைக்கு என் மகன் வீட்டுக்கு வந்து என்னையே விசாரிப்பானா, ஐயா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பதில் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

முதலில் பாடம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2003-இல் நிறைவேறியது. அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று மெக்சிகோவின் மெரிடா நகரில் நாடுகள் கையெழுத்திடத் தொடங்கின. டிசம்பர் 9 அனைத்துலக ஊழல் எதிர்ப்பு நாளாக இருப்பது அதனால்தான். இந்தியா 2005-இல் கையெழுத்திட்டு 2011-இல் அதை உறுதி செய்தது. இதன் 13-ஆம் பிரிவு, பள்ளி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் உட்பட மக்களுக்கான கல்வித் திட்டங்களை நடத்தச் சொல்கிறது. 60-ஆம் பிரிவு, அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும் என்கிறது. ஊழலைத் தடுக்கும் கல்வி, பயிற்சிக்கென்றே 2015-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய உறுப்பு நாடுகள் தனித் தீர்மானம் போட்டன. அதே ஆண்டு தோஹாவில் நடந்த ஐ.நா. மாநாட்டின் தொடர்ச்சியாக, வியன்னாவில் உள்ள ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரைக்கும் பாடங்களையும் விளையாட்டுகளையும் சிறு படங்களையும் தயாரித்து, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கொடுத்தது. நம் ஆசிரியர்கள் அவற்றிலிருந்து எடுத்து, நம் ஊருக்கு ஏற்றபடி தமிழில் புதிதாக எழுதிவருகிறார்கள்.

லஞ்சம் நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் நடக்கிறது, அதற்கு வியன்னா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குப் பிடித்த பதில் ஹாங்காங்கில் இருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் அங்கே ‘டீ செலவுக்கு’ ஏதாவது கொடுக்காமல் ஒன்றும் நடக்காது. ஆம்புலன்ஸ் ஊழியர் நோயாளியை ஏற்றுவதற்கு முன் கைநீட்டுவார். மருத்துவமனையில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டாலும் ஆயாவுக்குக் கொடுக்க வேண்டும். வீடு எரியும்போது வந்த தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைத் திறப்பதற்குப் பணம் கேட்டதாக அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்தச் சூழலில் 1973-இல் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரியிடம் சம்பளத்துக்குப் பொருந்தாத 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது தெரிந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். அவர் தன் போலீஸ் பாஸைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழைந்து லண்டனுக்குப் பறந்துவிட்டார். மக்கள் கொதித்துத் தெருவுக்கு வந்தார்கள். 1974 பிப்ரவரியில் போலீஸுக்குக் கட்டுப்படாத தனி ஊழல் தடுப்பு ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் காட்பர் இங்கிலாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார், நான்காண்டுச் சிறை. எல்லை தாண்டி ஓடியவரைப் பிடிக்க இரண்டு அரசுகள் கைகோக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு தலைமையாசிரியராக என்னைக் கவர்வது அதற்குப் பிறகு அந்த ஆணையம் செய்த வேலை. அது மூன்று துறைகளாகப் பிரிந்து இயங்கியது. ஒன்று குற்றவாளிகளைப் பிடித்தது. மற்றொன்று அலுவலக நடைமுறைகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து அடைத்தது. மூன்றாவது துறை மக்களிடமும் பள்ளிகளிடமும் போனது, குழந்தைகளுக்காகக் கார்ட்டூன்கூடத் தயாரித்தது. டீ செலவு கேட்பதைச் சாதாரணமாகப் பார்த்த ஊரில் ஒரு தலைமுறைக்குள் அதைக் கேட்பதே வெட்கக்கேடு ஆனது. இந்த மாதிரியைப் பார்த்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவும் தங்களுக்கு ஆணையங்கள் அமைத்துக்கொண்டன. பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ஹாங்காங் ஆணையமே 2024-இல் ஒரு பயிற்சிக் கழகம் திறந்தது. வியன்னாவுக்கு அருகே லாக்சன்பர்க்கில் இதற்கென்றே 2011 முதல் ஓர் அனைத்துலகக் கழகம் இருக்கிறது. ஒரு ஊர் பட்டுத் தெரிந்துகொண்டதை இன்னொரு ஊர் மறுபடியும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்த ஒத்துழைப்பின் பயன் எனக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான். மாநாட்டு உரைகளில் சொல்லப்படும் மற்றவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தோற்றுப்போன அனுபவமும் கைமாற வேண்டும். இந்தோனேசியாவில் 2008 வாக்கில் பள்ளிகளில் ‘நேர்மைச் சிற்றுண்டிக் கடைகள்’ திறக்கப்பட்டன. கடையில் ஆள் இருக்க மாட்டார். தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட வேண்டும், மீதிச் சில்லறையையும் பிள்ளையே எடுத்துக்கொள்ள வேண்டும். அரசு வழக்கறிஞர் அலுவலகமும் நாட்டின் ஊழல் ஒழிப்பு ஆணையமும் ஊக்குவித்ததால் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இவை முளைத்தன. திறப்பு விழாக்களில் அதிகாரிகள் ரிப்பன் வெட்டினார்கள். பிறகு பல ஊர்களில் போட்ட பணம் கரைந்து கடைகள் மூடப்பட்டன. பெட்டியில் விழுந்த காசைவிட எடுக்கப்பட்ட பண்டத்தின் மதிப்பு அதிகம்.

இதைக் கேட்டுப் “பார்த்தீர்களா, பிள்ளைகளை நம்ப முடியாது” என்று நம் ஆசிரியர் ஒருவரே சொன்னார். நான் அப்படிப் பார்க்கவில்லை. கடையைத் திறந்தவர்கள் பெரியவர்கள், கணக்கைப் பார்த்தவர்களும் பெரியவர்கள். எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது, அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசாத இடத்தில் கடை வெறும் சோதனையாகத்தான் இருக்கும். சோதனை வைத்தால் ஏமாற்றுவது எப்படி என்றுதான் பிள்ளை யோசிக்கும். முப்பது ஆண்டுகளாகத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே எட்டாம் வகுப்பில் நாம் வைக்கப்போகும் பேனா, நோட்டு அலமாரிக்குக் கணக்கு எழுதுவது மாணவர்கள். வாரக் கடைசியில் எவ்வளவு தொகை குறைகிறது என்பது கரும்பலகையில் வரும், பெயர் எதுவும் வராது. அந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்று வகுப்பே முடிவெடுக்கும். அலமாரி ஒரு மாதத்தில் காலியாகிவிட்டால் அதையும் பாடமாக நடத்துவோம்.

நைஜீரியாவிலிருந்தும் ஒன்றைக் கற்றோம். லாகோஸ் நகரில் நிக் சீஸ்மன், கேரின் பைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மக்களிடம் ஊழல் எதிர்ப்பு வாசகங்களைச் சொல்லிவிட்டு, உண்மைப் பணம் வைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். விளையாட்டில் லஞ்சம் கொடுத்தும் ஜெயிக்கலாம். வாசகங்களைக் கேட்டவர்கள் மொத்தத்தில் லஞ்சத்தைக் குறைக்கவில்லை. சிலவற்றைக் கேட்டவர்கள் கூடுதலாகவே கொடுத்தார்கள். ஊழல் எங்கும் பரவியிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னால், எல்லோரும் செய்யும்போது நான் மட்டும் ஏன் ஏமாளியாக வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. எனவே ‘ஊழல் ஒரு புற்றுநோய்’ வகைப் போஸ்டர் போட்டிகள் நம் பள்ளியில் இனி கிடையாது. மாறுவேடப் போட்டியில் லஞ்ச அதிகாரி வேடமும் வேண்டாம். தொப்பை கட்டும் தலையணை வீட்டிலேயே இருக்கட்டும். அக்டோபர் கடைசியில் வரும் ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வார உறுதிமொழி தொடரும், ஆனால் கையை நீட்டி உறுதிமொழி சொல்வதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்க மாட்டோம்.

இந்த விஷயத்தில் நாம் வெறுமனே வாங்கிக்கொள்கிறவர்களும் அல்ல. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964-இல் அமையக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற கே. சந்தானம். நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005-இல்தான் வந்தது. தமிழ்நாடு 1997-லேயே மாநில அளவில் ஒன்றை நிறைவேற்றிவிட்டது, அதில் விதிவிலக்குகள் ஏராளம் என்றாலும். லஞ்சம் கேட்பவரிடம் நீட்டுவதற்கென்று பூஜ்ய ரூபாய் நோட்டை அச்சிட்டு இலட்சக்கணக்கில் கொடுத்தது சென்னையில் தொடங்கிய ‘ஐந்தாவது தூண்’ அமைப்பு. அந்த யோசனை பிற நாடுகளுக்கும் போனது. ஒன்பதாம் வகுப்புக்கு அந்த நோட்டைக் காட்டப்போகிறோம். பயப்படாமல் அதை எப்போது நீட்டலாம், எப்போது நீட்டுவது ஆபத்து என்பதுதான் அன்றைய விவாதம்.

வகுப்பில் பேசுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட நிலைமைகளை: கபடி அணியின் தலைவனுக்கு ஓர் இடம் நிரப்ப வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பன் கேட்கிறான், ஆனால் இன்னொருவன் நன்றாக ஆடுகிறான். வகுப்புத் தலைவி பேசியவர்கள் பெயரை எழுதும்போது சாக்லேட் கொடுத்தவள் பெயர் விடுபடுகிறது. உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், கடைசி நாள் நெருங்குகிறது, இருநூறு ரூபாய் கொடுத்தால் இன்றே கிடைக்கும். கடைசி நிலைமைக்கு ஆசிரியரிடமும் தயார்ப் பதில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் தகவல் உரிமை மனு ஒன்றை எழுதப் பழகுவார்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் என்பதைப் புத்தகத்தில் படிப்பதும், தன் தெருவில் போட்ட சாலையின் செலவைக் கேட்டு மனு எழுதுவதும் ஒன்றல்ல. மனுவை அனுப்புவதா என்பது உங்களையும் கேட்டுத்தான் முடிவாகும்.

இப்போது பின்வரிசைத் தந்தைக்கு. ஐயா, வகுப்பில் ஒரு விதி உண்டு: வீட்டிலோ தெருவிலோ யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று பெயர் சொல்லக் கூடாது. எந்தப் பிள்ளையிடமும் பெற்றோரைப் பற்றி ஆசிரியர் கேட்க மாட்டார். ஆனால் வீட்டில் அவன் உங்களிடம் கேட்கக்கூடும். கேட்டால் மறைக்காதீர்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தேன், அன்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்று நீங்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் வயதுதான் அவனுக்கு. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் ஏழாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அந்தத் தண்டனை அவருக்குப் பொருந்தாது. இது வகுப்பில் சொல்லப்படும் என்பதால் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். சான்றிதழ் எதுவும் அலுவலகத்தில் தேங்கி நின்றால் மனு எண்ணோடு என்னிடம் வாருங்கள். வட்டாட்சியருக்குப் பள்ளியின் சார்பில் கடிதம் எழுதுவேன். அதனால் எப்போதும் பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், பலமுறை கிடைத்திருக்கிறது.

பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் பள்ளியும் சிலவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஜனவரி முதல் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியின் வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ரசீது இல்லாமல் எந்தத் தொகையையும், கட்டட நிதி என்று யார் கேட்டாலும், கொடுக்காதீர்கள். செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளி ஆசிரியருக்கு விருந்து என்று மாணவர்களிடம் வசூல் கிடையாது. ஆசிரியர் தினத்துக்கும் பொங்கலுக்கும் பரிசுகள் வேண்டாம். பிள்ளை கைப்பட எழுதிய வாழ்த்து அட்டை போதும். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களை நானும் உட்காரவைத்து அன்பாகப் பேசி அனுப்புவேன்; வரிசை மாறாது. இதில் எது மீறப்பட்டாலும் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், என்னைப் பற்றிய புகாராக இருந்தாலும்.

அரசு அலுவலகங்களில், வங்கிகளில், ஒப்பந்த வேலைகளில் இருக்கும் பெற்றோர் சிலர் வகுப்புக்கு வந்து பேச வேண்டும் என்று விரும்புகிறோம். உபதேசம் வேண்டாம். ஒரு கோப்பு எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது, ஒரு டெண்டரை எப்படித் திறக்கிறார்கள் என்று உள்ளே இருப்பவர் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

பாடங்களின் தமிழ்ப் பிரதி நூலகத்தில் இருக்கிறது. மாலை ஐந்து மணி வரை வந்து படிக்கலாம். பிள்ளை இந்த வகுப்பில் உட்கார வேண்டாம் என்று நினைப்பவர்கள் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்க அனுமதிப்போம். கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டு, பேச வர விரும்பினால் அதையும் குறித்து, பள்ளி திறக்கும் முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்