செவ்வாய்க்கிழமை கடை திறந்த அண்ணனுக்கு

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கு,

வணக்கம். அந்த மழையில் தண்ணீர் புகுந்து, மூளை அலைகளைப் பதிவு செய்யும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு என்ன ஆனது என்று இந்தப் பக்கம் தெரியாதவர் யாரும் இல்லை. அதை மறுபடி எழுதப் போவதில்லை. பட்டியலில் இருந்த கடைசித் தலையின் பதிவும் நேற்று சாயங்காலம் முடிந்தது. எட்டுக் கோடும் சுத்தம். விரல் இடுக்கில் இன்னும் எலக்ட்ரோடு ஒட்டும் பேஸ்ட் ஒட்டியிருக்கிறது.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதலில் சலூன் அண்ணனுக்கு. மூளை ஆராய்ச்சியில் முடிவெட்டுபவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

மூளையிலிருந்து கசிந்து தலைத்தோல் வரை வந்துசேரும் மின்னழுத்தம் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். ஈசிஜியில் தெரியும் இதயத் துடிப்பே ஏறக்குறைய 1 மில்லிவோல்ட் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் நூறில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து இதை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். யாராவது நம்ப வேண்டுமே என்று தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். இன்று எங்கள் மேசையில் இருப்பது அந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும், எட்டு வழிகள் கொண்ட 24 பிட் சிப். 0.02 மைக்ரோவோல்ட் அளவிலான படிகளைக்கூடப் பிரித்துச் சொல்லும். ஆனால் தோலுக்கும், அதில் ஒட்டி மின்னழுத்தத்தை வாங்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தேங்காய் எண்ணெயை அது கழுவித் தராது.

எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு வைத்தால் இம்பீடன்ஸ், அதாவது அந்த இடத்தின் மின்தடை, முப்பது, நாற்பது கிலோஓமில் நிற்கும். எங்களுக்கு வேண்டியது 5க்குக் கீழே. அதைவிட மோசம், ஓர் எலக்ட்ரோடு 5இலும் பக்கத்து எலக்ட்ரோடு 50இலும் நிற்பது. அறையில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் உடம்பு முழுக்கச் சமமாகத்தான் ஏறுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது போய்விட வேண்டும். இரண்டு முனையின் இம்பீடன்ஸும் ஒன்றாக இல்லாவிட்டால் போகாது, மீதி நிற்கும். புதிதாக வரும் மாணவர்கள் உடனே மென்பொருளில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டி எடுக்கும் நாட்ச் வடிகட்டியைப் போட்டுவிடுவார்கள். திரையில் கோடு அழகாகிவிடும். தளர்ந்த எலக்ட்ரோடு தளர்ந்தபடியே கிடக்கும், அது தெரியாமலே போய்விடும்.

நாங்கள் செய்வது திரையில் ஓர் எழுத்துப் பலகை. பக்கவாதத்திலோ தசையை இயக்கும் நரம்புகள் சிதையும் நோயிலோ பேச்சும் கையும் நின்றுபோனவர்கள் பார்வையாலும் கவனத்தாலும் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபார்வெல், டான்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1988இல் ஆங்கிலத்துக்குச் செய்த 6க்கு 6 கட்டம்தான் அடிப்படை. தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே, எங்கே அடைப்பது என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மீதி ஐந்து கட்டத்தில் இடைவெளி, அழி, பேசு, ஜ், ஸ். (ஷ், ஹ் கோபித்துக்கொள்ளட்டும்.) மெய்யை அடுத்து உயிரைத் தேர்ந்தால் சேர்த்து உயிர்மெய்யாக்க வேண்டுமா, தனியே விட வேண்டுமா என்று மென்பொருள் குழம்பவே வேண்டியதில்லை. தமிழில் உயிர் சொல்லுக்கு முதலில்தானே தனித்து வரும்? நடுவில் வந்தால் மெய் மேல் ஏறித்தான் வரும். இலக்கணம் எங்கள் நிரலில் பாதி வேலையை முடித்துவைத்திருந்தது.

ஆறு கிடைவரிசையும் ஆறு நெடுவரிசையும் மாறிமாறி மின்னும். நினைத்த எழுத்து மின்னும்போது, சுமார் 300 மில்லிநொடி கழித்து, உச்சிக்குப் பின்பக்கம் மின்னழுத்தம் மெல்ல எழும். அதுதான் பி300. எழுவது ஐந்து, பத்து மைக்ரோவோல்ட், சுற்றி இருக்கும் மற்ற மூளை அலைகளோ அதைப்போலப் பல மடங்கு. அதனால் பத்துச் சுற்று மின்ன வைத்துச் சராசரி எடுக்கிறோம். பத்துச் சுற்றுக்கு இரைச்சல் பத்தில் ஒரு பங்காகாது. பத்தின் வர்க்கமூலம்தான் கணக்கு, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. ஒரு மின்னல் 100 மில்லிநொடி, இடைவெளி 75. பன்னிரண்டு மின்னலுக்கு 2.1 நொடி, பத்துச் சுற்றுக்கு 21 நொடி. ஒரு தேர்வுக்கு 21 நொடி என்றால் உயிர்மெய் ஒன்றுக்கு 42. எலக்ட்ரோடு சரியாக ஒட்டாமல் இருபது சுற்று ஓட்ட வேண்டி வந்தால் அந்த மனிதர் களைத்துவிடுவார். களைத்தால் பி300 சுருங்கிவிடும். சுருங்கினால் இன்னும் சுற்று வேண்டும். எண்ணெயில் ஆரம்பித்த வினை இப்படித்தான் சுற்றிச்சுற்றி வரும்.

இந்த அலை நன்றாகக் கிடைக்கும் இடங்கள் எவை என்று பாருங்கள். உச்சி, அதன் பின்னால், பின்மண்டை. முடி எங்கே அதிக அடர்த்தியோ அங்கேதான். கொண்டை போடுவதும் அங்கேதான். படுத்தே இருப்பவருக்குத் தலையணை அழுத்துவதும் அங்கேதான்.

கூடத்தில் குழாய் இல்லாமல் போன அந்த வாரம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் சலூனில் போய் ஒரு பக்கெட் வெந்நீர் மட்டும்தான் கேட்டோம். எதற்கு என்று கேட்டார் அண்ணன். சொன்னோம். “செவ்வாக்கிழம கட லீவுதானே, வந்து தல அலசிக்கினு போங்க” என்றார். வாரம் முழுக்க நின்றே வேலை செய்பவருக்கு அது ஒன்றுதான் ஓய்வு நாள். அன்று ஷட்டரைத் தூக்கினார். அடுத்த செவ்வாயும் தூக்கினார். அதற்கு அடுத்ததும். பெண்களுக்கு அலச வீட்டிலிருந்து அக்காவைக் கூட்டிவந்தார். பணத்தைத் தொடவில்லை. ஷாம்பு பாக்கெட்டுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்குத் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அலசுவதில் எங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? ஷாம்பு போட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் இரண்டு தடவை போடுவார். முதல் தடவை நுரையே வராது, எண்ணெய் தின்றுவிடும். இரண்டாம் தடவைதான் தோலுக்குப் போகும். நுனிவிரல் சதையால் தேய்ப்பார், நகத்தால் இல்லை. நகம் கீறிய இடத்தில் பிறகு தோலைச் சுத்தம் செய்யும் எங்கள் தேய்ப்பு ஜெல் பட்டால் எரியும், புண்ணாகும். கண்டிஷனர் கூடாது, அது இன்னொரு படலம். அலசியபின் அடிமுடி வரை காய வேண்டும் என்பதில் அக்கா கறார். ஈர முடியில் பேஸ்ட் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடோடு கை கோத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். திரையில் அவை இரண்டும் ஒரே கோட்டைக் காட்டும். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருப்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வராது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு அண்ணன் சாய்நாற்காலியைத் தொடவே இல்லை. கழுத்தைப் பேசினில் பின்னால் மடக்கினால் மூளைக்குப் போகும் தமனி அழுந்தலாம். சலூனில் தலை அலசியபின் பக்கவாத அறிகுறி வந்த ஐந்து பேரைப் பற்றி 1993இலேயே ஒரு நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். அதை நாங்கள் சொல்ல வாயெடுப்பதற்குள், வீட்டுக்கே வந்து, படுக்கையில் தோளுக்குக் கீழே ரப்பர் ஷீட் விரித்து, குவளையும் துண்டுமாகத் தொடங்கியிருந்தார். வயசானவங்க கழுத்த மடக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு, என்றார்.

இவ்வளவும் அலசல். அடுத்ததுதான் சுழி.

எலக்ட்ரோடு வைக்கும் இடங்களுக்கு நரம்பியல் ஆய்வாளர் ஜாஸ்பர் 1958இல் வகுத்த 10-20 முறைப்படி டேப்பால் அளக்கிறோம். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டையின் கீழ்ப்புடைப்பு வரை 36 செ.மீ. என்றால், 18இல் உச்சிப்புள்ளி. காதுக்குக் காது அளந்து அது நடுவில்தானா என்று சரிபார்க்க வேண்டும். அங்கிருந்து 7.2 செ.மீ. பின்னால் போனால் பி-இசட் என்னும் புள்ளி. புடைப்புக்கு மேலே 3.6 செ.மீ.யில் ஓ-இசட் என்னும் பின்மண்டைப் புள்ளி. மெழுகு பென்சிலால் புள்ளி வைப்போம், முடியை ஒதுக்கி எலக்ட்ரோடு வைப்போம். கையை எடுத்ததும் முடி பழையபடி வந்து மூடும், எலக்ட்ரோடு முடி மேல் மிதக்கும். பேஸ்டை இன்னும் அப்புவோம், அது வழியும். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். இதையெல்லாம் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

“சுழிய எதுத்து ஏன் தம்பி சீவுற? அது எப்டி சுத்துதோ அப்டியே தொற.”

வால் சீப்பை எடுத்தார். வாலின் முனையால் குத்தவில்லை. வாலைத் தோலோடு படுக்கவைத்து, சுழியிலிருந்து வெளியே, முடி சாயும் பக்கமாகவே இழுத்தார். வெள்ளையாக ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் முடியைத் திருகி ஆளுக்கொரு கிளிப். கையை எடுத்தார். கோடு மூடவில்லை. சுழி பெரும்பாலும் உச்சிப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால், உச்சிக்கும் பி-இசட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நாங்கள் மல்லுக்கட்டியதெல்லாம் அந்த ஒரு சுழியோடுதான். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள். எங்களுக்கு இரண்டு வகிடு, அவ்வளவுதான்.

வரிசையையும் மாற்றினார். முதலில் வகிடு, பிறகு டேப், பிறகு புள்ளி. கோட்டில் தேய்ப்பு ஜெல்லைப் பஞ்சுக்குச்சியால் மூன்று நான்கு தேய், துடைத்து எடு, பட்டாணி அளவு பேஸ்ட், மேலே எலக்ட்ரோடு, அதற்கு மேல் சின்னப் பஞ்சுத்துணி. முக்கால் மணி நேரம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. இம்பீடன்ஸ் மூன்று, நான்கு கிலோஓம். பதிவு முடிந்தபின் வெதுவெதுப்பான தண்ணீரில் பேஸ்டைக் கரைத்து, தலை வாரி, பின்னல் போட்டு, பூ வைத்துத்தான் அக்கா பெண்களை அனுப்பினார்.

இதே முட்டல் வேறு ஊரிலும் இருந்திருக்கிறது. சுருண்டு அடர்ந்த முடியுள்ள கறுப்பின மக்களுக்கு எலக்ட்ரோடு பொருந்தவில்லை என்று, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னல் எட்டியென் என்ற மாணவி, பொறியியல் பேராசிரியர் புல்கித் குரோவர் குழுவோடு சேர்ந்து, முடியை ஒட்டப் பின்னி, பின்னல்களுக்கு நடுவில் தெரியும் தோலில் கிளிப் எலக்ட்ரோடு செருகும் வழியை 2020இல் வெளியிட்டார். அதற்கு முன்னால் எத்தனை ஆய்வுகளில் ‘பதிவு சரியில்லை’ என்று எத்தனை தலைகளைத் தள்ளியிருப்பார்கள்? எங்கள் பழைய நோட்டுப் புத்தகத்திலும் அப்படித் தள்ளிய பெயர்கள் உண்டு. பெரும்பாலும் பெண்கள், நீண்ட முடி. முடியைக் குறை சொல்லி எழுதியிருக்கிறோம். குறை எங்கள் கையில் இருந்தது. அவர்களை மறுபடி அழைக்கப் போகிறோம். புதிதாகச் சேரும் மாணவர் யாராக இருந்தாலும் முதல் வாரம் சீப்பு பிடிக்கக் கற்றபிறகுதான் சிக்னல் பக்கம் வரலாம்.

மற்றவர்களுக்கும் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். மழை இரவில் ஆம்ப்ளிஃபையரைத் தலைமேல் வைத்து மாடிக்கு ஏற்றிய தம்பிகளுக்கு. மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்திருந்த எர்த் கம்பியைத் தோண்டிக் கண்டுபிடித்து, புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் கட்டிலையும் அதோடு இணைத்துத் தந்த வயர்மேனுக்கு. பதிவு நேரத்தில் தண்ணி மோட்டார் போடாத கீழ்வீட்டு அம்மாவுக்கு. கேரம் கிளப் பசங்களுக்குத் தனியாக: எதிர்பாராத சத்தம் எதுவானாலும் மூளை அதற்கும் ஒரு பி300 கொடுக்கும், ஸ்ட்ரைக்கர் அடித்தால் எங்கள் கோட்டில் பொய் எழுத்து விழும். அதைச் சொன்னதும் நாற்பது நிமிடம் போர்டை மூடிவைத்தீர்களே! ரயிலிடம் மட்டும்தான் சொல்ல முடியவில்லை. மேலே ஓடும் 25 கிலோவோல்ட் கம்பியும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். வண்டி போகும் நேரத்தைக் குறித்துவைத்து, பதிவில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டோம்.

பலகையில் வந்த முதல் சொல் ‘அம்மா’வாக இருக்கும் என்று எங்களில் பாதிப் பேர் நினைத்திருந்தோம். ஏழு மாதமாகப் பேசாத பெரியவர், சலூன் அண்ணன் வகிடு எடுத்த தலை, ட் என்று தேர்ந்தார். அடுத்து ஈ. 42 நொடி. டீ. மனைவி எழுந்தே ஓடிவிட்டார். புரையேறிவிடக் கூடாதே என்று விழுங்கும் திறனைச் சோதித்து, கெட்டியாக்கி ஸ்பூனில் தரலாம் என்று வழி சொன்ன தெரபிஸ்ட்டுக்கும் நன்றி. சர்க்கரை போதவில்லை என்பது அடுத்த சொல்லில் தெரிந்தது.

அண்ணா, உங்கள் வால் சீப்பு இரண்டும் கிளிப் ஒன்பதும் எங்களிடம்தான் இருக்கின்றன. வரும் செவ்வாய் கொண்டுவருகிறோம். கடையைத் திறக்க வேண்டாம், வீட்டிலேயே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
மாடி அறை ஆய்வுக்கூடத்தார்
வியாசர்பாடி